வளையல் கிடைத்த வீடியோ

செவ்வாய்க்கிழமை, காலை 10:30. தறிக்கூட முதலாளி வேதாசலம் நல்லேரி காவல் நிலையத்துக்கு வந்து, மனைவியின் தங்க வளையல் இரண்டைக் காணவில்லை என்றார். நிலைய எழுத்தரான ஏட்டு தேவயானி, வியர்வை தாளில் சொட்டாமல் முழங்கையால் நெற்றியைத் துடைத்தபடி புகாரை எழுதினாள். பராமரிப்புக்காக ஊர் முழுக்க ஒன்பது மணிக்கு நிறுத்திய மின்சாரம் இன்னும் வரவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் உண்டுங்களா?"

"எங்கிட்ட தறி ஓட்டுற எல்லப்பன். கூடத்துக்குப் பின்னாடியே குடியிருக்கான்."

தேவயானியின் பேனா ஒரு கணம் நின்றது. ரேஷன் அரிசி லாரியில் ஆந்திராவுக்குப் போகிறது என்று போன மாதம் மேலிடத்துக்கு மனுப் போட்டவன் எல்லப்பன். லாரி வேதாசலத்துடையது. கண்டும் காணாமல் விடுவது சப்-இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரகாஷ் என்றும் எழுதியிருந்தான். அந்த மனு சுற்றிச் சுற்றி, விசாரணைக்கென்று ஜெயப்பிரகாஷின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

11:40. ஜெயப்பிரகாஷ் எல்லப்பனோடு ஜீப்பில் வந்து இறங்கினார். வளையல்கள் அவன் வீட்டு அரிசி டப்பாவில் இருந்தனவாம்.

"ஒரு மணி நேரத்துல கேஸ் முடிஞ்சுது. வீடியோவும் கீது. கோர்ட்டுக்கு அனுப்பும்மா."

புதுச் சட்டப்படி சோதனையை வீடியோ எடுத்தாக வேண்டும். போலீஸ் சொல்வதை ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்குத்தான் அது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது முதல் ஆளாகக் கைதட்டியவள் தேவயானி.

போட்டுப் பார்த்தாள். மூலையில் நேரம் 11:10. எல்லப்பன் கைகட்டி நிற்கிறான். டப்பா திறக்கிறது. வளையல்கள் மின்னுகின்றன. ஜெயப்பிரகாஷ் தொண்டை கிழியக் கத்தி விவரம் சொல்கிறார். இரண்டு முறை பார்த்தும் குறை ஒன்றும் தெரியவில்லை.

மாலை 4:10. மின்சாரம் வந்தது. எதிர்த் தெருவில் தறிகள் தடதடவென்று ஓடத் தொடங்கின. போனில் பேசிக்கொண்டிருந்த தேவயானி குரலை உயர்த்த வேண்டியிருந்தது. சட்டென்று பேச்சை நிறுத்தினாள். வீடியோவை மறுபடி போட்டாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

5:00. எல்லப்பனின் மனைவி துர்கா வீட்டுக் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"உங்க கூடத்துல ஜெனரேட்டர் கீதா?"

"ஏதுங்க? கரண்ட் போனா தறி நின்னுபூடும்."

"காலையில நீ எங்க இருந்த?"

"மொத பஸ்ஸுல திருத்தணிக்குப் போய்ட்டேன். மலையடிவாரத்துல பூ வித்துகினு இருந்தேன்."

5:40. லாக்கப்.

"எத்தினி மணிக்கு உன் வீட்டுக்கு வந்தாங்க?"

"எட்டு இருக்கும். தறியில இருந்தவனை இட்டுகினு போனாங்க. அப்புறம் லாரி ஷெட்டுல உக்கார வெச்சுட்டாங்க."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

எல்லப்பன் அவளுடைய காக்கிச் சட்டையைப் பார்த்தான். "உங்ககிட்டயா?"

புதன், காலை 10:00. தேவயானி சொன்னதை விசாரிக்க வந்த டி.எஸ்.பி. ஹேமநாதன் முன்னால் ஜெயப்பிரகாஷ் விறைப்பாக நின்றார்.

"வளையலை வெச்சது எஸ்.ஐ. சார்தாங்க, சார். குடுத்தது வேதாசலம்," என்றாள் தேவயானி. "போன்ல நேரத்தைத் தள்ளி வெச்சிடலாம். ஆனா வீடியோ முழுக்கத் தறி ஓடுற சத்தம். பதினொன்னு பத்துக்கு ஊர்ல கரண்டே இல்ல. அப்ப ஒன்பதுக்கு முன்னாடி எடுத்திருக்காங்க. பொருள் காணோம்னு புகார் வந்ததே பத்தரைக்கு. புகாருக்கு முன்னாடியே அரிசி டப்பாவைத் திறக்கணும்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

ஹேமநாதன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"சத்தத்தை எடுத்துட்டு அனுப்ப முடியுமாம்மா?"

"நேத்து சாயங்காலமே கோர்ட்டுக்குப் போயிடுச்சு சார். சத்தத்தோட. நேரக் கணக்கையும் எழுதிக் கூட வெச்சிருக்கேன்."

எல்லப்பன் வெளியே வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. வளையலைத் தன் மனைவியே எல்லப்பன் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள், தனக்குத் தெரியாமல் போயிற்று என்று வேதாசலம் எழுதிக் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷுக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல். அரிசி லாரி மனு 'ஆதாரமில்லை' என்று மூடப்பட்டது. எல்லப்பனை எந்தத் தறிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தேவயானியைத் திருத்தணியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போட்டார்கள்.

ஆடிக் கிருத்திகை அன்று படிக்கட்டின் அடியில் காவடிக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஓரமாக ஒரு பூக்கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் துர்கா. கழுத்தைச் சுற்றிப் புதுக் கீறல், தாலி இல்லை.

தேவயானி நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அறுத்துகினு போய்ட்டானா? ஆளைப் பாத்தியா? சொல்லு, இப்பவே எழுதிக்கறேன்."

துர்கா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் போகலீங்க மேடம்."

"ரத்தம் வருதேம்மா!"

"பூ கட்டற நார் கீறிடுச்சுங்க."

சிதறிய பூவைக் கூடக் குனிந்து எடுக்காமல், கூடையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். தேவயானியின் நோட்டில் தேதியும் 'காலை 7:20' என்ற நேரமும் மட்டும் இருந்தன.