முதல் எரிப்பு

கடை மேசையில் ஒன்பது அடுப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் தன் பெருமையைத் தானே பேசியது. "என் எடை முன்னூற்றுப் பத்து கிராம்" என்றது ஒன்று. "காற்று எவ்வளவு அடித்தாலும் என் தீ அணையாது" என்றது இன்னொன்று. உலகம்மை எதையும் காதில் வாங்கவில்லை. தென்காசி மின்பேருந்துப் பணிமனையில் பதினேழு வருடமாக மெக்கானிக்காக இருப்பவள் அவள். இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஒவ்வொன்றின் அடியையும் கழற்றிப் பார்த்தாள்.

"எம்மா, ஒம்பதையும் பிரிச்சுப் போட்டா நான் எங்க போவேன்?" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

"அஞ்சு நாள் மலையில என் உயிரு இதுகிட்டல்லா இருக்கப் போவுது? பாக்காம எப்படி எடுக்க முடியும்?" என்றாள் உலகம்மை.

அவள் சொன்னது மிகையில்லை. மேற்கு மலையில் பெருந்தீ பிடித்த வருடத்துக்குப் பிறகு, காட்டுவாயிலைத் தாண்டித் தீப்பெட்டியோ லைட்டரோ போக முடியாது. தானே யோசித்து எரியும் மதியடுப்பு மட்டும் போகலாம். எங்கே எரிகிறோம், எதை எரிக்கிறோம், யாருக்காக எரிகிறோம் என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அது பொறியே விடும். பிறகு அதே இனம் வீட்டுச் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. தாளிக்கும்போது போனை எடுத்தால் தீயைக் குறைத்து, "கடுகு தங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று குத்திக்காட்டும். ஜனங்கள் முதலில் திட்டினார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள்.

வாயுக்குப்பி அடுப்பு இலேசானதுதான். ஆனால் குளிரில் குப்பி சோர்ந்துபோகும், தீர்ந்தால் வழியில் கிடைக்காது. மண்ணெண்ணெய் அடுப்பு நன்றாக எரியும், ஆனால் புகை அடைத்துக்கொள்ளும். கடைசியில் அவள் 'ஐந்தீ' என்ற பல்லெரி அடுப்பை எடுத்தாள். வாயுக்குப்பி, மண்ணெண்ணெய், பெட்ரோல், எரிசாராயம், தேங்காய் எண்ணெய் ஆகிய ஐந்தையும் அது எரிக்கும். எரிபொருளை மோந்து பார்க்கும் நுகரி ஒன்று அதற்குள் இருந்தது. நுகரி சொல்வதற்கு ஏற்ப ஊசித்துளை தானே சுருங்கும், விரியும். அந்த வேலைப்பாட்டை உலகம்மை மனதாரப் பாராட்டினாள். நூறு கிராம் எடை கூடத்தான். போகட்டும், கிடைத்ததைப் போட்டு எரிக்கலாமே!

வீட்டில் அண்ணன் மனைவி செல்வரதி தயாராக நின்றாள். வருடா வருடம் மழைக்காலம் முடியும் தறுவாயில் மலையேறுவது மதினியும் நாத்தனாரும்தான். அண்ணனுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"முதல் எரிப்புக்குத் தயாராக இருக்கிறேன். இயல்பாக இருங்கள்" என்றது அடுப்பு. அதற்குள் இருந்த நடத்தைக்கணி என்ற சில்லு, முதல் முறை பற்றவைக்கும்போது உடைமையாளரைக் கவனித்து மனதில் எழுதிக்கொள்ளும். விளக்கக் கையேட்டின் அறுபத்தெட்டாம் பக்கத்தில் அது இருந்தது. அறுபத்தெட்டாம் பக்கம் வரைக்கும் யார் படித்தார்கள்?

புது அடுப்பில் முதலில் பால்தானே வைப்பார்கள்? செல்வரதி அடுப்புக்குக் குங்குமம் வைத்தாள். சின்னப் பாத்திரத்தில் விளிம்புக்கு ஒரு விரல் குறைவாகப் பாலை ஊற்றினாள். பால் நுரைத்து எழுந்தது. இருவரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது எல்லாப் பக்கமும் வழிந்து, தீயில் விழுந்து சுர்ரென்றது.

"பொங்கிருச்சு! கெழக்க பாத்துல்லா வழிஞ்சிருக்கு" என்று செல்வரதி கையைத் தட்டினாள்.

"நன்றி. தங்களைப் புரிந்துகொண்டேன்" என்றது அடுப்பு.

மூன்றாம் நாள் மதியம், மஞ்சப்புல் மொட்டை என்ற உச்சிக்குக் கீழே மழை பிடித்துக்கொண்டது. ஓடையைக் கடக்கும்போது செல்வரதி வழுக்கிக் கழுத்துவரை நனைந்தாள். மேலே தகரம் வேய்ந்த மழைக்கூடம் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. மாற்றுடை போட்டும், போர்வை சுற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. பேச்சு குழறியது. வயிற்றுக்குள் சூடாக ஏதாவது போனால்தான் ஆகும் என்று உலகம்மைக்குத் தெரிந்தது.

வாயுக்குப்பி காலையிலேயே தீர்ந்திருந்தது. அதனால் என்ன? ஒரு லிட்டர் எரிசாராயம் இருக்கிறதே! குழாயை மாட்டினாள், பம்பை அடித்தாள், பொத்தானை அமுக்கினாள்.

"திரவ எரிபொருளுக்குத் தங்களுக்கு அனுமதி இல்லை" என்றது அடுப்பு.

"என்னது?"

"தாங்கள் கவனக்குறைவான பயனர். முதல் எரிப்பில் பால் வழிவதை நாற்பது நொடி பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தடுக்கவில்லை. கைதட்டல் ஒலியும் பதிவாகியுள்ளது. எங்கள் நிறுவனத்தின் வாயுக்குப்பியை மட்டும் தாங்கள் பயன்படுத்தலாம்."

உலகம்மைக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அந்தக் கொதிப்பில் ஒரு டம்ளர் தண்ணீரையாவது காய்ச்சியிருக்கலாம். ஐந்தும் எரியும் என்று ஆசைகாட்டி விற்றுவிட்டு, நாலைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். அதுவும் எதற்காக? ஒரு நாடே காலங்காலமாகச் செய்கிற நல்ல காரியத்துக்காக! எங்கேயோ உட்கார்ந்து இந்தச் சில்லைச் செய்தவனுக்குப் பால் வழிந்தால் அது அசட்டை. அவனுடைய அகராதியில் வேறு அர்த்தமே கிடையாது. அடுப்பைப் பிரித்துப் பொறியை மட்டும் எடுக்கலாமா என்று திருப்புளியை எடுத்தாள். "திறந்தால் நிரந்தரமாக அணைந்துவிடுவேன்" என்றது அது.

"மதினி, தூங்காதீங்க! எங்கூடப் பேசுங்க!" என்று செல்வரதியின் கைகளைத் தேய்த்தபடி கத்தினாள்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஜெபசிங் ஓடிவந்தான். மார்த்தாண்டத்துக்காரன், தனியாக மலையேற வந்தவன். அவன் கையிலும் ஐந்தீ இருந்தது. ஊசித்துளையில் கரி, ஒரு கால் வளைந்து கம்பியால் கட்டியிருந்தது. எரிசாராயத்தைப் பாதி தரையில் கொட்டிப் பாதி உள்ளே ஊற்றினான். பொத்தானை அமுக்கியதும் நீலத் தீ எழுந்தது.

"ஒமக்கு மட்டும் எப்படி எரியுது?" என்று கேட்டாள் உலகம்மை.

"தெரியாதுக்கா. கடை வாசல்லயே நூடுல்ஸ் போட்டுத் தின்னேன். உத்தமமான பயனர்னு சொல்லிச்சு. அதுக்குப் பொறவு ரெண்டு கூடாரத்த எரிச்சிட்டேன். அது ஒண்ணும் சொல்லல."

மூன்று டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகு செல்வரதியின் நடுக்கம் அடங்கியது. கண்ணைத் திறந்து, "காப்பித்தூள் இல்லையாளா?" என்று கேட்டாள். உலகம்மை அழுதுவிட்டாள். ஜெபசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இத என்னைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் அவள் சும்மா இருக்கவில்லை. நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். தானியங்கிப் பதில் வந்தது. அதன்மேல் ஒரு புகார் எழுதினாள். கடைசியில் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாள். பணிமனையில் கேட்டால், தேநீர்க் கடையில் கேட்டால், அதே கதைதான். மாநிலத்தில் ஐந்தீ வாங்கியவர்களில் பெரும்பாலோர் பால் பொங்கவிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் கவனக்குறைவானவர்கள்! விசாரணையில் அவள் எழுந்து நின்று, "எங்க ஊர்ப் பழக்கத்தக் குத்தம்னு எழுதி வைக்க இவங்க யாருங்கய்யா? கவனமாத்தான் பொங்க வச்சோம். வழியணும்னுதான் நின்னோம்!" என்றபோது கூடமே கைதட்டியது.

நிறுவனம் இறங்கிவந்தது. தமிழகத்து வழக்கத்தை நடத்தைக்கணிக்குக் கற்றுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தது. மன்றம் அதையே தீர்ப்பாக்கியது. பழைய அடுப்பைச் சான்றுப்பொருளாக மன்றம் வைத்துக்கொண்டதால் புதிய ஐந்தீ ஒன்று அவள் வீட்டுக்கு வந்தது.

செல்வரதி பால் பாக்கெட்டோடு வந்தாள். "வேண்டவே வேண்டாம் மதினி. தீர்ப்பு எப்ப அமலுக்கு வருமோ, யாரு கண்டா?" என்று உலகம்மை அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். அரைப் பாத்திரம் பச்சைத் தண்ணீர் வைத்து, கண்ணிமைக்காமல் காவல் நின்று, கொதி வந்த நொடியில் அணைத்தாள். "நன்றி. தங்களைப் புரிந்துகொண்டேன்" என்றது அடுப்பு. அவள் விடவில்லை. எரிசாராயம், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஊற்றிச் சோதித்தாள். எல்லாம் எரிந்தன.

அடுத்த வருடம் மூவராகப் போனார்கள். ஜெபசிங்கை அழைத்தது செல்வரதிதான். காட்டுவாயிலைக் கடக்கும்போது அங்கிருந்த அலைபேசிக் கோபுரத்தோடு இரண்டு அடுப்புகளும் ஏதோ கிசுகிசுத்தன. பிறகு ஒரே குரலில், "தமிழகப் பயனர்களின் வழக்கத்தை மதிக்கும் புதிய விதிகளை ஏற்றுக்கொண்டோம்" என்றன.

"நம்ம தீர்ப்பு மதினி!" என்றாள் உலகம்மை. அன்று முழுக்க அவள் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் வழுக்கி விழுந்தது ஜெபசிங். அதே ஓடை. ஆனால் அவன் மதினியைப் போல உடனே எழவில்லை. கால் பாறையிடுக்கில் மாட்டி, அரைமணி நேரம் பனித்தண்ணீரில் கிடந்தான். இருவரும் அவனை மழைக்கூடத்துக்கு இழுத்துவந்தபோது அவனால் தன் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. குப்பிகள் தீர்ந்திருந்தன. எரிசாராயம் நிறைய இருந்தது. உலகம்மை பதறாமல் குழாயை மாட்டி, பம்பை அடித்து, பொத்தானை அமுக்கினாள்.

"திரவ எரிபொருளுக்குத் தங்களுக்கு அனுமதி இல்லை" என்றது அடுப்பு.

அவள் ஜெபசிங்கின் அடுப்பை இழுத்து அதன் பொத்தானை அமுக்கினாள். அதுவும் அதையேதான் சொன்னது.

செல்வரதி பொறுமை இழந்தாள். அவனைப் போர்வையோடு சேர்த்து அணைத்துக்கொண்டே, "எரியேன் மூதேவி! ஒரு மனுசன் விறைச்சுக் கெடக்கான், ஒனக்கு என்ன கேடு?" என்று கத்தினாள்.

"இந்தப் பகுதியின் கவனமான பயனர்கள் முதல் எரிப்பில் பாலைப் பொங்கவிடுகிறார்கள்" என்று அடுப்பு பொறுமையாக விளக்கியது. "வழிய வேண்டும் என்றே நின்று பார்க்கிறார்கள். ஒருவர் பச்சைத் தண்ணீர் வைத்தார். மற்றவர் நூடுல்ஸ் வைத்தார். இருவருமே பொங்கவிடவில்லை. ஆகவே கவனக்குறைவானவர்கள்."

"எந்தக் கிறுக்குப் பய போட்ட விதி இது?"

"நுகர்வோர் புகாரின் பேரில் சேர்க்கப்பட்ட விதி. புகார்தாரர்: உலகம்மை, தென்காசி."

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. செல்வரதி நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெபசிங் பல் கிட்ட, "எக்கா... அது நீங்களா?" என்று கேட்டான்.

"நாந்தான் தம்பி" என்றாள் உலகம்மை. யாரைத் திட்டுவது என்று இந்த முறை அவளுக்குத் தெரியவில்லை.

சுற்றிவந்த பாதையை விட்டுக் குறுக்கே இறங்கினால் காட்டுவாயில் நாலு மணி நேரம்தான். இருட்டுவதற்குள் போய்விடலாம். அவன் ஒரு கையைத் தன் தோளிலும் மறு கையை மதினியின் தோளிலும் போட்டுத் தூக்கினாள். "பேசிக்கிட்டே வாடா. மார்த்தாண்டத்துல ஒங்க வீடு எங்க இருக்கு, சொல்லு" என்று அவனை மழைக்குள் நடத்தினாள். பைகள், குழாய், நிறைந்த புட்டி எல்லாம் மழைக்கூடத்திலேயே கிடந்தன.

பின்னாலிருந்து அடுப்பின் குரல் கேட்டது. "அடுப்பைக் கவனிக்காமல் விட்டுச் செல்கிறீர்கள். பதிவு செய்துகொள்கிறேன்."