எர்த்துக் குழி

பதினெட்டு கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிக்கொண்டிருந்த மின்சாரக் கார், செக்கானூரணிக்கு முன்னால் ஒரு வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் பதினொன்று என்று காட்டியது. காளவாசலுக்கு இன்னும் இருபது இருந்தது. அசோக்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியை நிறுத்தி அரை மணி நேரமாகிறது, பாட்டு இல்லை, வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. இதற்கு மேல் இறங்கித் தள்ளினால்தான் உண்டு.

பின்சீட்டில் ஏழு வயது மகள் இசைவாணி வேர்த்துக் கிடந்தாள். காதுகுத்து வீட்டில் கொடுத்த லட்டு அவள் கையில் பிசுபிசுத்தது.

"அப்பா, தாகமா இருக்குப்பா."

"காளவாசல் போனதும் ஜூஸ் வாங்கித் தாரேன்டா. கொஞ்சம் பொறு."

பாட்டில் காலியாகி நெடுநேரம் ஆகிவிட்டது. வழியில் சார்ஜ் போட இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று செல்போன் சொன்னதை நம்பிப் போனான். அங்கே இயந்திரத்துக்குச் சாக்கு போர்த்தி, அதன் காலில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். "பஸ்ல கூட்டிட்டு வாங்க" என்று காலையில் தலைபாடாக அடித்துக்கொண்ட மனைவி ரோகிணியின் முகம் ஞாபகம் வந்தது. "மாப்ள, செல்போன வாங்கி நாலு சக்கரம் மாட்டியிருக்க" என்று மச்சான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

வயலோரம் ஒரு மோட்டார் ரூமில் குண்டு பல்பு எரிவதைப் பார்த்து வண்டியைத் திருப்பினான். பால் கேனை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டிருந்த சங்கிலி என்பவன், முகம் சுளிக்காமல் ப்ளக்கைக் காட்டினான்.

"போட்டுக்கங்கண்ணே. கரண்டுதான, கெணத்துத் தண்ணியா கொறஞ்சு போகும்? நான் பாலை ஊத்திட்டு வாரேன்." போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

வயரைச் செருகியதும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எர்த் இல்லை. எர்த் சரியில்லாத இடத்தில் இந்தப் பெட்டி ஒரு சொட்டுக்கூட ஏற்றாது. அசோக்குமார் சுவரை ஓங்கிக் குத்திவிட்டுச் சங்கிலிக்குப் போன் போட்டான்.

"காஞ்சிருக்கும்ணே. ரூமை ஒட்டி எர்த்துக் குழி இருக்கு. ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, புடிச்சுக்கும்."

மதுரைப் பக்கம் கோடையில் எல்லோரும் செய்கிற வேலைதான். ரூம் வாசலில் பாசி பிடித்துக் கிடந்த தொட்டித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் மொண்டுகொண்டு ரூமின் பின்பக்கம் போனான். வேப்பமரத்தடியில் மண் மேடாக இருந்தது. மேலே உப்புக் கல் பூத்துக் கிடந்தது, கரித்துண்டுகள் கிடந்தன, நடுவில் துருப்பிடித்த இரும்புக் கம்பி ஒன்று அடித்து இறக்கப்பட்டிருந்தது. உப்பு, கரி, கம்பி. எர்த்துக் குழிக்கு வேண்டிய மூன்றும் இருந்தன. ஒயர் மட்டும் கண்ணில் படவில்லை. மண்ணுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் குடம் வழியவே இல்லை. ஊற்ற ஊற்ற உள்ளே இறங்கியது, அதுவும் மடக் மடக் என்ற சத்தத்தோடு. புது மண்வாசனையோடு, தீய்ந்த முடியின் வாடை லேசாக வந்தது. இரண்டாவது குடத்துக்கு முன்னால், தண்ணீர் நன்றாக இறங்கட்டும் என்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இளக்கிவிட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் பச்சை.

அப்பாடா என்றிருந்தது. இனிமேல் என்ன, குழந்தையாவது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று ஏசியைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினான். இசைவாணி தூங்கியிருந்தாள். கண்ணாடி வழியாகத் திரையில் ஆறு சதவீதம் தெரிந்தது. வீட்டு ப்ளக்கில் மணிக்குப் பத்து ஏறினால் அதிகம். ஒரு மணி நேரம் நின்றால் வீடு போய்ச் சேரலாம்.

வரப்பில் உட்கார்ந்து ரோகிணிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துவிட்டு எழுந்து பார்த்தான். பத்தொன்பது. திரை கெட்டுப்போய்விட்டது என்று வைதான். இந்த வண்டியில் எதுதான் உருப்படி? அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்து மூன்று ஆனது.

போன் அடித்தது. சங்கிலி.

"அண்ணே, கரண்டு போயி கால்மணி நேரமாச்சே, ட்ரான்ஸ்பார்மர் பழுதாயிருச்சாம். காத்திருப்பீகளா?"

அசோக்குமார் நிமிர்ந்தான். குண்டு பல்பு அணைந்திருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த வீடுகளில் வெளிச்சம் இல்லை. வயல் முழுக்க இருட்டு. சார்ஜர் பெட்டியில் மட்டும் பச்சை.

"ஏறுது தம்பி. தண்ணி ஊத்துனதும் புடிச்சுக்கிருச்சு."

"எப்படிண்ணே ஏறும்? எங்க ஊத்துனீக? வாசலுக்கு எடப்பக்கம், மண்சட்டி கவுத்திருக்குமே, அங்கனதான?"

"பின்னாடி. வேப்பமரத்தடில."



"அண்ணே, அது எங்க பெரியப்பாவப் பொதச்ச எடம். இதே மோட்டார்ல ஷாக்கடிச்சு விழுந்தாரு. தண்ணி தண்ணின்னு கேட்டாரு. கரண்டு அடிச்சவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் குடுக்கல. அவரு எந்திரிச்சு வராம இருக்கத்தான் உப்பும் கரியும் போட்டு அந்தக் கம்பிய அடிச்சு வச்சிருக்கு, அத மட்டும் தொட்றாதீக. அண்ணே? தொடலைல?"

உள்ளங்கையில் கம்பியின் துரு ஒட்டியிருந்தது. போன் கையிலிருந்து நழுவியது.

ரூமின் பின்னாலிருந்து சத்தம். மடக். மடக். அவன் எதுவும் ஊற்றவில்லை. எட்டிப் பார்த்தான். கம்பி படுத்துக் கிடந்தது. அது நின்ற இடத்தில் பள்ளம். தொட்டியிலிருந்து பள்ளம் வரை ஈரம். தொட்டி காலி.

ஓடினான். சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. வண்டி அதைக் கவ்விப் பூட்டியிருந்தது. கதவை இழுத்தான். பூட்டு. சாவி உள்ளே. திரையில் எழுபது. எண்பத்தெட்டு. தீய்ந்த முடி வாடை. இப்போது வண்டிக்குள்ளிருந்து.

"இசை! எந்திரிடா! கதவைத் திற!"

கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். நூறு. எண் நின்றது.

பின்சீட்டில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, லட்டுக் கையைக் கண்ணாடியில் பதித்து, அவனைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "இன்னும் ஒரு குடம்."