வாசிக்காமல் விட்ட நான்கு வரி

தையல்நாயகியின் அப்பா கண்ணையன், திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குபவர். இருபது வருடமாகப் புகையிலையை அடக்கி வைத்த கன்னத்தில் அவருக்குப் புண் வந்தது. ஆறவே இல்லை. மெட்ராஸ் டாக்டர் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்றார்.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க. ஆபரேசன் பண்ணணும்."

அன்றிலிருந்து அப்பா யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்நாயகி அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினாள். அவள் ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

"மஞ்சள், பூண்டு, முட்டைக்கோசு, கீரை ஆகியவற்றில் இயற்கையாக உள்ள சில பொருள்கள் புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்..."

படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இன்னொரு தபா படி."

படித்தாள். அப்பா சிரித்தார். புண் இழுத்ததால் பாதிச் சிரிப்புதான். ஆனாலும், புண் வந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

செய்தியில் இன்னும் நான்கு வரி இருந்தது. அவள் கண் அவற்றின் மேல் ஓடியது. வாய் திறக்கவில்லை. பேப்பரை மடித்துவிட்டாள்.

"சின்னபொண்ணு!" அப்பா அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். "கத்தியும் வேணாம், மெட்ராசும் வேணாம். கீரை வாங்கிக்கினு வா!"

திங்கட்கிழமை பஸ் அவர் இல்லாமலே போனது.

அதன் பிறகு வீட்டில் மூன்று வேளையும் கீரை, முட்டைக்கோசு. "என்னை ஆடா மாத்தப் போறியாம்மா?" என்று தம்பி சீனுவாசன் அழாத குறையாகக் கேட்டான். அப்பா மஞ்சளைக் குழைத்து விழுங்குவார். மஞ்சள் அப்பிய பற்களோடு வாயைத் திறந்து, "கொறஞ்சிருக்குதா?" என்பார். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்பாள்.

மூன்றாவது வாரம் அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை.

தையல்நாயகி அந்தப் பழைய பேப்பரைத் தேடி எடுத்து வந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நான் முழுசா படிக்கல."

மிச்சத்தை வாசித்தாள். "இந்தச் சோதனைகள் எலிகளிடம் மட்டுமே நடந்துள்ளன. நோய் வராமல் இவை தடுக்குமா என்பதே ஆராய்ச்சி. வந்துவிட்ட நோயை இவை குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. நோயாளிகள் சிகிச்சையை நிறுத்தக் கூடாது."

அடி விழும் என்று அவள் நினைத்தாள்.

"ஏன் அன்னிக்கே படிக்கல?"

"நீங்க சிரிச்சிக்கினு இருந்தீங்கப்பா."

அப்பா கழுத்துக் கட்டியைத் தடவினார். "பாதி மூஞ்சிய எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்குது, தையலு."

"எனக்கும் பயந்தாம்ப்பா. நானும் வர்றேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாவோடு சேர்த்து மூன்று பேரும் மெட்ராஸ் போனார்கள். சீனுவாசன் மட்டும் மயிலத்தில் அத்தை வீட்டில் இருந்தான்.

டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. "சொன்ன அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு வெட்ட வேண்டியிருக்காது."

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"நான்தான் வரல, சார்" என்றார் அப்பா.

ஆபரேசன் ஆறு மணி நேரம் நடந்தது. தாடையில் ஒரு பகுதியும் நாக்கின் ஓரமும் போயின. ஆனால் அப்பா பிழைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த அன்று அவள் உள்ளே போனாள். அப்பாவின் கன்னம் ஒரு பக்கம் குழிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் சிரமப்பட்டு வாயைத் திறந்தார்.

"ஐயயு..."

"என்ன வேணுமாம் இவருக்கு?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், என் பேர சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, தையல்நாயகி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.