மூச்சுச் சான்று

காலை ஒன்பது மணிக்குச் சான்றகம் திறக்கும்போதே வரிசை தெருவரை நீண்டிருக்கும். விடுப்பு விண்ணப்பமோ, கல்யாணப் பத்திரிகையோ, போலீஸ் புகாரோ, எதுவானாலும் சல்லடை இயந்திரத்தில் விட்டு மூச்சுச் சான்று வாங்கியாக வேண்டும். தாளில் ஒரு வரியாவது வேறு யாரும் எழுதாததாக இருந்தால் பச்சை. எல்லாமே ஊரார் எழுதித் தேய்ந்த தொடர்கள் என்றால், எழுதியது இயந்திரம் என்று சிவப்பு. சிவப்பு விழுந்த தாளை எந்த அலுவலகமும் படிக்காது. ரெஜினாவுக்கு முன்னால் நின்றவர் மகளின் பத்திரிகையில், 'மாப்பிள்ளைக்குக் குறட்டை உண்டு, வந்து வாழ்த்துங்கள்' என்று அச்சடித்திருந்தார்.

ரெஜினாவின் கையில் இருந்தது, மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவர், மாலுமி இன்னாசி, துறைமுகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிய ஆங்கிலக் கடிதம். கப்பலின் அடித்தட்டில் விரிசல் என்ற புகார். அன்று சல்லடை அதைக் கழித்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் கப்பல் இன்னாசியையும் சேர்த்துப் பதினோரு பேரோடு மூழ்கியது. மாலுமிகள் எச்சரிக்கவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதி முடிக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப்புறம் செண்பகவல்லி கடிதத்தைச் சல்லடையில் விட்டாள். சிவப்பு.

"என்னக்கா இது? 'டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்', 'பெட்டர் லேட் தேன் நெவர்'... ஒரு பக்கத்துல பதினாலு தேஞ்ச தொடர். மனுசன் இப்படியா எழுதுவான்?"

"நான் சொல்லிக்குடுத்ததும்மா. எங்க வீட்டுக்காரங்க கப்பல் ஆபீசர் பரீட்சைக்குப் படிச்சாங்க. ஒரு கடிதத்துக்கு இந்த மாதிரி இங்கிலீஷ் தொடர் மூணாவது போடணும்னேன். அவங்க அள்ளிப் போட்டுட்டு, 'டீச்சர், பாஸா பெயிலா?'ன்னு கேட்டாங்க."

"அவங்கதான் எழுதுனாங்கன்னு ஆதாரம் வேணுமேக்கா."

யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த, இன்னாசி கையால் எழுதிய முதல் வரைவை ரெஜினா பையிலிருந்து எடுத்தாள். சல்லடை வரி வரியாகச் சிவந்துகொண்டே போய், ஓரிடத்தில் பச்சையானது. 'என் சுண்டுவிரல் இரண்டாம் கணுவரை விரிசலுக்குள் போகிறது.'

"இந்த ஒரு வரி இருந்திருந்தா அன்னைக்கே..." செண்பகவல்லி நிறுத்திக்கொண்டாள். அந்த வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் குண்டு எழுத்தில், 'டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்'.

"கோட்டை அழிச்சிட்டு நகல் எடுத்துத் தாரேன்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அனுப்புன கடிதத்துல அந்த வரி ஏன் இல்லைன்னு கேப்பாங்கல்லா. கோட்டோடயே போகட்டும்."

செண்பகவல்லி ஒரு படிவத்தை நகர்த்தினாள். திருத்தியவர் பெயர். ரெஜினா தன் பெயரை எழுதினாள். திருத்தியதற்குக் காரணம். 'நல்ல எண்ணத்தில்' என்று எழுதினாள். சிவப்பு. 'எல்லாம் விதி' என்று எழுதினாள். சிவப்பு. வரிசையில் யாரோ இருமினார்கள்.

மூன்று வருடமாகத் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாததை அவள் எழுதினாள். 'சுண்டுவிரல் என்று எழுதினால் துறைமுக ஆபீசர்கள் சிரிப்பார்கள், அவர் டீச்சர் புருசன் ஆயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.'

சல்லடை ஒரு நொடியும் தயங்கவில்லை. பச்சை.