இரவல் மூச்சு

குழந்தையின் மூச்சு அன்றைக்கு மறுபடியும் நின்றது. நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டியதும் நீலம் பாரித்த உதடுகள் மெல்லச் சிவந்தன. தாய் கோகிலவாணி தன் மார்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அந்தப் பட்டைக்கு மூச்சிணை என்று பெயர். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தைகளின் மூளைக்கு, சுவாசிக்க வேண்டும் என்பதே அவ்வப்போது மறந்துபோகும். ஒவ்வொரு மறதியும் மூளையில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போகும். டாக்டர் வசுமதி அதற்குத்தான் இந்தப் பட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். பட்டை தாயின் மூச்சைப் படிக்கும்; குழந்தையின் நெற்றியில் ஒட்டிய வில்லை அதை மூளைக்குச் சொல்லும். தாய் ஒரு மூச்சு விட்டால் பிள்ளை மூன்று விடும். இயந்திரத் தாளம் எதையும் அந்தச் சின்ன மூளைகள் சட்டை செய்யவில்லை. உயிருள்ள மூச்சுக்கு மட்டுமே பணிந்தன.

அப்படியிருக்க, ஏன் நிற்கிறது?

"நிக்கறதுக்கு முன்னால நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள் வசுமதி.

"ஒண்ணும் பண்ணலீங்க டாக்டர். மூச்சு வருதான்னு குனிஞ்சு கேட்டனுங்க. அவ்வளவுதான்."

"செஞ்சு காட்டுங்க."

கோகிலவாணி தொட்டிலருகே குனிந்தாள். கூர்ந்து கேட்கிற எல்லோரையும் போல அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொட்டிலில் குட்டி விலா எலும்புகள் அசைவற்று நின்றன. சத்தம் வராததால் அவள் இன்னும் கூர்ந்து கேட்டாள். தாயும் பிள்ளையும் ஒருவர் மூச்சுக்காக மற்றவர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வசுமதிக்கு அப்போதுதான் புரிந்தது. "மூச்ச விடுங்கம்மா!" என்று கத்தினாள்.

குழந்தை விக்கி மூச்செடுத்தது. "நானாங்க? என்ற புள்ளைய நானேவா இப்படிப் பண்ணுனேன்?" என்றாள் கோகிலவாணி. அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. அழுதால் மூச்சு தடுமாறும்.

வசுமதி பட்டையை வாங்கித் தானே கட்டிக்கொண்டாள். விஷயம் தெரிந்தவள் இந்தத் தவறைச் செய்ய மாட்டாள் என்ற தெம்பு அவளுக்கு. மதியம் வார்டு அடங்கியது. குழந்தை அளவுக்கு மீறி அமைதியாக இருப்பதுபோல் பட்டது. லேசாகக் குனிந்தாள்.

"டாக்டர், மூச்சு வுடுங்க!" வாசலில் நின்ற கோகிலவாணி அலறினாள்.

இந்தக் குழந்தை மேல் அக்கறையே இல்லாத ஒருத்திதான் வேண்டும் என்று அப்போதே முடிவாயிற்று.

சம்பளத்துக்கு மூச்சு விட மரகதம் என்கிற பெண் வந்தாள். காதில் பாட்டு, கையில் கைபேசி. தொட்டில் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குழந்தையின் மூச்சு ஒருமுறைகூட நிற்கவில்லை, எடையும் ஏறியது. கோகிலவாணி கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த அலட்சியத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சில நாள் கழித்து வசுமதி உள்ளே நுழைந்தபோது, மரகதம் காதில் இருந்ததைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"டாக்டர், சும்மா ஒண்ணு கேக்கட்டுங்களா? பாப்பாவுக்குப் பேரு என்னங்க?"

வசுமதி வேறொரு பெண்ணை உடனே வரச்சொல்லி நர்ஸிடம் சைகை காட்டிவிட்டு, மரகதத்தின் மார்பிலிருந்து பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.