காலியாக இருக்க வேண்டிய ஃபோல்டர்

டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து கழற்றியபின் அந்த ஃபோல்டர் காலியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

யூன்ஹான் மறுபடி பார்த்தாள். பழுதாகிக்கொண்டிருந்த அந்தப் பழைய டிஸ்க் எட்டு வருடமாக ஃபோல்டரின் மேல் மவுண்ட் ஆகி, மூடி போல உட்கார்ந்திருந்தது. அடியில் என்ன கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. இப்போது மூடி இல்லை. அடியில் ஏழு ஃபைல்கள். ஏழிலும் இன்றைய தேதி. இதே நிமிடம்.

வெளியே வருடாந்திர விமானத் தாக்குதல் ஒத்திகைக்கான ஒன்றரை மணிச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. தாய்ச்சுங் நகரத்தில் ஒரு ஸ்கூட்டர் சத்தம்கூட இல்லை. இரண்டு மணிவரை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாதென்று காவலாளி சர்வர் அறையின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே மின்விசிறிகளின் இரைச்சல், சூடான பிளாஸ்டிக் வாசனை, அதற்கும் கீழே, எங்கிருந்தோ, ஈரமண் வாசனை.

சீனியர் ஜெங்டேவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, டிஸ்க்கைக் கழட்டினா அடியில என்னமோ ஃபைலெல்லாம் கிடக்கே?"

"எந்த மெஷின்ல?" அவர் வாயில் நூடுல்ஸ் இருந்தது.

"மூலையில இருக்கறதுல."

மெல்லும் சத்தம் நின்றது.

"அதைத் தொடச் சொன்னது யாரு? சேர்ந்து மூணு வாரம், அதுக்குள்ள பெரிய சூரப்புலியா நீ?"

"டிஸ்க் சாகக் கிடந்துச்சுண்ணே. மாத்தலைன்னா நீங்கதானே திட்டுவீங்க..."

"பேசாத. புது டிஸ்க்கை அதுமேல மவுண்ட் பண்ணு. இப்பவே! அது வெளிய வந்துச்சுன்னா நீ அந்த ரூமை விட்டு உயிரோட வர மாட்ட."

கேலிக்குரல் இல்லை அது. அவள் புது டிஸ்க்கைச் செருகினாள். கட்டளையைத் தப்பாக அடித்தாள். மறுபடி தப்பு. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. ஃபோல்டரைத் திறந்தாள்.

காலி.

"மூடிட்டேண்ணே."

"அப்பாடா!" நீளமாக மூச்சு விட்டார். "எட்டும் உள்ளதானே இருந்துச்சு?"

அவள் எண்ணியது ஏழுதான்.

"யூன்ஹான்? எட்டு இருந்துச்சா?"

மணி 1.41. ஈரமண் வாசனை கனத்தது. திரும்பினாள்.

அறையின் கடைசிவரை சர்வர்களின் பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கின. கோடியில் ஒன்று மறைந்தது. திரும்பத் தெரிந்தது. அதற்கடுத்தது மறைந்தது.

தெரிந்தது.

அதற்கடுத்தது.

ஓர் ஆள் அகலத்துக்கு. அவளை நோக்கி. மெதுவாக.