சாட்சிக்குரல்

மன்னிப்பு வந்துவிட்டது. அதைச் சொல்ல வெளியுறவுத் துறை அதிகாரி தமயந்தி சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு நேரிலேயே வந்திருந்தாள். கேட்ட சுடர்க்கொடியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கணவன் நயினார் கப்பல் பழுதுபார்க்கும் வெல்டர். வெளிநாட்டுத் துறைமுக வாசலில் ஒரு காவலன் அவனைச் சுட்டுக் கொன்றான். முன்பெல்லாம் இப்படி நடந்தால் தூதரை அழைத்துக் கண்டித்து, தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். கண்டனத்துக்குக் காசா பணமா? சாட்சிக்குரல் வந்தபின் அந்தச் சௌகரியம் போயிற்று. இறந்தவரின் பழைய தொலைபேசிப் பேச்சுகளிலிருந்து அவர் குரலையும் மனத்தையும் வார்த்தெடுக்கும் பொறி அது. பேச்சுவார்த்தை மேசையில் செத்தவனே நியாயம் கேட்பான். அந்த நாடு மன்னிப்புக் கேட்டு, குடும்பமும் அதை ஏற்றால்தான் குரல் அணையும். சுட்டவனைக் கைது செய்வதும் அதன்பிறகுதான். உடன்படிக்கை அப்படி.

வீட்டுக்கும் அந்தக் குரலின் கிளை ஒன்றைச் சுவர்ப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். மேசையில் நடப்பது அதற்குத் தெரியாது; ஆனால் அங்கே குரல் அணைந்தால் இங்கேயும் அணையும். ஆறுதலுக்காகக் கொடுத்தது, அதுதான் வினையாயிற்று.

"நீங்க சரின்னு சொன்னா அவனை இன்னிக்கே கைது பண்ணிடுவாங்க. இப்பவும் அதே வாசல்லதான் துப்பாக்கியோட நிக்கறான்," என்றாள் தமயந்தி.

"சொல்லாட்டா, மேடம்?"

"அவன் மேல யாரும் கை வைக்க முடியாது. இது அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. இப்பல்லாம் சட்டுன்னு மன்னிப்புக் கேட்டுடறாங்க. எந்த வீட்லயும் ஏத்துக்க மாட்டாங்கன்னு தைரியம்."

சுடர்க்கொடி தலைகுனிந்தாள். கல்யாணமான மறுமாதமே கப்பலேறியவன் நயினார். தொலைபேசியில்தான் குடித்தனம். அவன் செத்தபிறகும் அவள் வீட்டில் அதிகம் மாறிவிடவில்லை. அவனைத் தொட ஏங்கினாள்; அப்போதும் அப்படித்தான் ஏங்கினாள்.

வெயில் தாழ்ந்தது. அவன் கூப்பிடும் வேளை. சுவர்ப்பெட்டி உயிர்பெற்றது.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன கொழம்பு?"

"சாளை மீனுதான்."

"எனக்கு எடுத்து வையி," என்று சிரித்தது குரல். சாட்சியாக வார்த்தது அல்லவா, அடுத்த கேள்வியை அது ஒருநாளும் மறந்ததில்லை. "என்னச் சுட்டவனப் புடிச்சாச்சா?"

சுடர்க்கொடி நிமிர்ந்து தமயந்தியைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"இன்னும் இல்லங்க."

"சரி, விடு. நாளைக்குக் கேக்கேன்."